மடிப்பாக்கம் - பெருங்குடி தினசரி ஓட்டம்: எந்தச் சின்ன எஸ்யூவி எடுக்கலாம்?

ஆகஸ்ட் 9, 2025 - கேள்வி

வீடு மடிப்பாக்கம், ஆபீஸ் பெருங்குடி. போக வர 28 கி.மீ. வீட்டுல நான், மனைவி, 6 வயசுப் பையன், 71 வயசு அம்மா. இப்ப இருக்கிறது 11 வருஷப் பழைய ஹேட்ச்பேக். மழை வந்தா தெருவுல தண்ணி நிக்குது, மெட்ரோ வேலையில ரோடு பூரா பள்ளம். அதனால கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டி அடிவயித்துக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி) 200 மி.மீ.க்கு மேல இருக்கிற சின்ன எஸ்யூவிதான்னு முடிவு பண்ணிட்டேன். மத்தது எல்லாம் குழப்பம். டீசலா பெட்ரோலா? மேனுவலா ஆட்டோமேட்டிக்கா? ஆன்ரோடு, அதாவது வரி இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து, 12 லட்சத்துக்கு மேல போக முடியாது.

ஆகஸ்ட் 9, இரவு - பதில்

கிரவுண்ட் கிளியரன்ஸை முதல் இடத்துல வைக்காதீங்க. அதை நம்பித்தான் நான் 2021ல ஒரு டீசல் எஸ்யூவி எடுத்தேன். எனக்கு வீடு வேளச்சேரி ராம் நகர். 2015 வெள்ளத்துல ஒரு காரைப் பறிகொடுத்தவன், அதனால புரோஷர்ல 200ன்னு பார்த்ததும் மனசு அங்கேயே நின்னுடுச்சு.

2023 டிசம்பர் 3 ராத்திரி, மிக்ஜாம் புயல் வருதுன்னு தெருவுல பாதிப் பேர் வண்டியைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்துல நிறுத்திட்டு வந்தாங்க. நான் போகல. நம்மது உயரமான வண்டிதானேன்னு கீழ் பார்க்கிங்லயே விட்டுட்டேன். மறுநாள் பார்த்தா தண்ணி சீட்டுக்கு மேல. டிக்கியில இருந்த பையனோட ஃபுட்பால் கண்ணாடியோட ஒட்டி மிதக்குது.

200 மி.மீ.ங்கிறது எட்டு அங்குலம். அன்னைக்கு நின்ன தண்ணி இடுப்பளவு. இன்னொரு நாலு அங்குலம் உயரமான வண்டி எடுத்திருந்தாலும் கதை மாறியிருக்காது.

ஒண்ணு மட்டும் சரியாப் பண்ணேன். தண்ணி வடிஞ்ச பிறகும் சாவியைத் தொடல. பேட்டரி வயரைக் கழட்டிட்டு ரிக்கவரி வண்டிக்கு நாலு நாள் காத்திருந்தேன். எதிர் வீட்டுக்காரர் பதற்றத்துல ஸ்டார்ட் பண்ணிட்டார். சிலிண்டருக்குள்ள தண்ணி இருந்தா பிஸ்டனால அதை அமுக்க முடியாது, ராடு வளைஞ்சிடும். அவருக்கு இன்ஜினையே இறக்க வேண்டியதாப் போச்சு. சாதாரண பாலிசியில அந்தச் செலவு வராது, இன்ஜின் புரொடெக்ஷன்னு தனியா சேர்த்திருக்கணும். எந்த வண்டி எடுத்தாலும் சரி, சென்னையில அதைச் சேர்க்காம பாலிசி போடாதீங்க.

ஆகஸ்ட் 10

நேத்து கோபத்துல கிளியரன்ஸ் பத்தியே பேசிட்டேன். நான் முதல்ல பார்க்கச் சொல்றது அகலம்.

மடிப்பாக்கம் உள்தெரு எனக்குத் தெரியும். ஒரு பக்கம் மழைநீர்க் கால்வாய் மூடி, மறுபக்கம் வரிசையா பைக், நடுவுல தண்ணி லாரி வரும். நாலு மீட்டருக்குள்ள வர்ற வண்டி எல்லாம் நீளத்துல கிட்டத்தட்ட ஒண்ணுதான், அகலத்துல அப்படி இல்ல. எக்ஸ்டர் 1710 மி.மீ., பஞ்ச் 1742, ஃப்ரான்க்ஸ் 1765, பிரெஸ்ஸா 1790, நெக்ஸான் 1804, எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ 1821. சின்னதுக்கும் பெரிசுக்கும் 111 மி.மீ. வித்தியாசம், கிட்டத்தட்ட அரைச் சாண். பின்சீட்டுல மூணு பேர் உக்காரும்போது அந்த அரைச் சாண் வரம். காம்பவுண்டுச் சுவரை ஒட்டித் திருப்பும்போது அதே அரைச் சாண்தான் கதவுல கோடு போடும்.

டேப் எடுத்து கேட்டை அளங்க. கேட்டைத் திறந்தா கதவு எங்க போய் நிக்குதுன்னு பார்த்து, மிச்சம் இருக்கிற இடைவெளியை அளக்கணும். எங்க கேட் எட்டு அடி, ஆனா மீட்டர் பெட்டியும் தாழ்ப்பாளும் போக நடமாட்டத்துக்குக் கிடைக்கிறது ஏழடி மூணு அங்குலம்.

ஆகஸ்ட் 10, மாலை

திருத்தம். மேல சொன்ன அகலம் எல்லாம் சைடு மிரர் இல்லாத கணக்கு. மிரர் ரெண்டையும் விரிச்சா ஏறக்குறைய 2 மீட்டர்னு வெச்சுக்கோங்க. கேட்டுக்குள்ள வரும்போது யாரும் மிரரை மடிக்கிறது இல்ல, மடிச்சா பின்னாடி தெரியாது.

ஆகஸ்ட் 13

டீசல் பத்தி. உங்க ஓட்டத்துக்கு வேண்டவே வேண்டாம்.

2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வந்த பிறகு எல்லா டீசல் காருலயும் புகைக்கரியைப் பிடிச்சு வைக்கிற ஃபில்டர் இருக்கு, டிபிஎஃப்னு சொல்வாங்க. சேர்ந்த கரியை வண்டியே அப்பப்ப எரிச்சுக்கும். அதுக்கு சைலன்சர் பக்கம் நல்ல சூடு ஏறணும், நிக்காம 15, 20 நிமிஷம் ஒரே வேகத்துல ஓடணும். வேளச்சேரி பைபாஸ்ல காலை எட்டரைக்கு அந்த வேகத்தை யார் கொடுப்பாங்க?

எனக்கு ஏழாவது மாசம் மஞ்சள் லைட் எரிஞ்சது. சர்வீஸ்ல "ஹைவேயில ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க சார்"னு அனுப்பிட்டாங்க. ராத்திரி பத்து மணிக்கு ஜிஎஸ்டி ரோடு, அதாவது திருச்சி ஹைவே பிடிச்சு, மூணாவது கியர்லயே இழுத்து, சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் போய்த் திரும்பினேன். லைட் அணைஞ்சது. மூணு வாரம் கழிச்சு மறுபடி வந்தது. அப்புறம் அது ஒரு வழக்கமாவே ஆயிடுச்சு. பையன் அதுக்கு "கரி ரவுண்டு"ன்னு பேர் வெச்சான், கூட வர்றதுக்கு அடம் பிடிப்பான், வழியில பாதாம் பால் கிடைக்கும்ல. எரியாம பாதியில நின்னா டீசல் கசிஞ்சு இன்ஜின் ஆயிலோட கலக்குறதும் உண்டு. எனக்கு ஆயில் டிப்ஸ்டிக்ல மேல் கோட்டைத் தாண்டி நின்னது, ஆயிலை முன்கூட்டியே மாத்தினேன்.

கம்பெனி பேரைக் கேட்காதீங்க. இது அந்த ஒரு கம்பெனியோட தப்பு இல்ல, நான் எடுத்த முடிவோட தப்பு. தினமும் தாம்பரம் தாண்டி ஒரகடம் போறவருக்கு அதே வண்டி தங்கம்.

பணக் கணக்கும் பாருங்க. உங்களுக்கு மாசம் 700 கி.மீ.ன்னு வெச்சா வருஷம் 8,400. சிட்டியில பெட்ரோல் 12 கொடுத்தா 700 லிட்டர், லிட்டர் 101 ரூபாய்க்கு 70,700. டீசல் 16 கொடுத்தா 525 லிட்டர், 92.50க்கு 48,500 சொச்சம். மிச்சம் 22,000. டீசலுக்குக் கூடுதலா கொடுக்கிற ஒண்ணேகால் லட்சத்தைத் திரும்ப எடுக்கவே ஆறு வருஷம் ஓடிப்போயிடும்.

ஆகஸ்ட் 16

புக் பண்ணிடாதீங்க! நேத்து செங்கோட்டையில பிரதமர் ஜிஎஸ்டியைக் குறைக்கப் போறதா சொல்லியிருக்கார், தீபாவளிக்குள்ளன்னு. சின்ன வண்டிக்கு என்ன வரும்னு தெரியட்டும், அதுவரைக்கும் டோக்கன் அட்வான்ஸ் கூடக் கொடுக்காதீங்க. ஷோரூம்ல இருந்து இந்த வாரம் நிறைய போன் வரும்.

ஆகஸ்ட் 17

"ஏன் எல்லா வண்டியும் 3995 மி.மீ., 3990 மி.மீ.ன்னே இருக்கு?"ன்னு கேட்டிருந்தீங்க. வரிதான். 2006 பட்ஜெட்ல சிதம்பரம் சின்ன காருக்கு கலால் வரியை 24லிருந்து 16 சதவீதமாக் குறைச்சார். சின்ன கார்னா என்னன்னும் வரையறை வந்தது: நீளம் நாலு மீட்டருக்குள்ள, பெட்ரோல்னா 1200 சிசிக்குள்ள, டீசல்னா 1500 சிசிக்குள்ள. ஜிஎஸ்டி வந்த பிறகும் அதே கோடுதான். அந்தக் கோட்டுக்குள்ள அடங்க டிக்கியையும் பம்பரையும் வெட்டி வெட்டித்தான் இந்த வடிவம் வந்தது. 

இந்த வகையை நம்ம ஊர்ல ஆசையாப் பார்க்க வெச்சது எகோஸ்போர்ட். 2013ல வந்தது, மறைமலைநகர்ல செஞ்சாங்க. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இன்னும் ஓட்டுறார், ஸ்டியரிங் இன்னும் கல்லு மாதிரி உறுதியா இருக்கு. 2021 செப்டம்பர்ல ஃபோர்டு இந்தியாவுல உற்பத்தியை நிறுத்துறதா சொன்ன அன்னைக்கு அவர் மதியம் சாப்பிடல. அந்தத் தொழிற்சாலையில வேலை பார்த்த சொந்தக்காரங்க அவருக்கு மூணு பேர்.

அந்த வண்டியில ஒரு பாடமும் இருக்கு. ஸ்டெப்னி பின்கதவுல தொங்கும், கதவு பக்கவாட்டுல திறக்கும். பின்னாடி சுவர் இருந்தா அரிசி மூட்டையை இறக்க முடியாது, வண்டியை முன்னாடி எடுத்தாகணும். ஷோரூம்ல விசாலமா நிக்கும்போது இது எதுவும் கண்ணுல படாது.

ஆகஸ்ட் 24

கியர். போன வாரம் ஒரு நாள் பழைய நண்பரோட மேனுவல் வண்டியை எடுத்துக்கிட்டுப் போனேன். கைவேலியில இருந்து விஜயநகர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கிளட்ச் எத்தனை தடவை மிதிக்கிறேன்னு எண்ணினேன். 118. ரெண்டு கிலோமீட்டருக்குள்ள. 45 வயசுல இடது முட்டிக்கு அது போதும். ஆட்டோமேட்டிக் எடுங்க.

ஆனா ஆட்டோமேட்டிக்னு ஒரே பேர்ல நாலு சரக்கு விக்கிறாங்க. ஏஎம்டி: மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சை மோட்டார் மிதிக்கும். விலை கம்மி, ரிப்பேரும் கம்மி, ஆனா கியர் மாறும்போது தலை முன்னாடி ஒரு தடவை ஆடும். சிவிடி: பெல்ட்ல ஓடும், வழுக்கிட்டுப் போகும், அவசரமா மிதிச்சா சத்தம் முன்னாடி வரும் வேகம் பின்னாடி வரும். டார்க் கன்வெர்ட்டர்: பழைய முறை, டிராபிக்ல ஊர்றதுக்கு இதுதான் ராஜா. பிரெஸ்ஸாவுலயும் டர்போ ஃப்ரான்க்ஸ்லயும் 3எக்ஸ்ஓவுலயும் கைலாக்லயும் இது இருக்கு. டூயல் கிளட்ச்: ஹைவேயில அருமை. என் மச்சான் வெச்சிருந்ததுல உலர் கிளட்ச். கத்திப்பாரா ஏத்தத்துல மே மாசம் மத்தியானம் ஊர்ந்து ஊர்ந்து போனதுல "கியர்பாக்ஸ் சூடு, வண்டியை நிறுத்து"ன்னு திரையில எழுத்து வந்துடுச்சு. பின்னாடி எம்டிசி பஸ் ஹாரன் அடிக்க, ஹசார்டு லைட் போட்டு இருபது நிமிஷம் நின்னோம்.

ஏஎம்டி வேண்டாம்ங்கிறது என் கட்சி.

ஆகஸ்ட் 31

இன்னைக்கு எழுதப்போறதைத்தான் நான் முதல் நாளே எழுதியிருக்கணும். அம்மா.

"எஸ்யூவின்னா வயசானவங்க ஏறி இறங்க வசதி"ன்னு எல்லாரும் சொல்றாங்க. நானும் நம்பினேன். என் அம்மாவுக்கு 74, ஒரு முட்டியில ஆபரேஷன் ஆனவங்க, உயரம் அஞ்சடிக்கு ஒரு விரல் கம்மி. வண்டி வந்த முதல் வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன். கதவைத் திறந்தேன். அம்மா ஒரு கையால புடவைக் கொசுவத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க, மறுகையை சீட்டு மேல ஊனினாங்க. வலது காலைத் தூக்கினாங்க, படியில எட்டல. சீட்டுல முட்டியை மடிச்சு வெச்சு, குழந்தை கட்டில்ல ஏற்ற மாதிரி உள்ள ஊர்ந்து போனாங்க. ஆபரேஷன் பண்ண முட்டி அது. ஒரு வார்த்தை சொல்லல. உள்ள உக்காந்து முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டு, "நல்ல வண்டிடா, உயரமா இருக்கு, எல்லாம் தெரியுது"ன்னாங்க.

அடுத்த வெள்ளிக்கிழமை பூஜையறையில இருந்த மணையைக் கையோட எடுத்துட்டு வந்து கதவுக்குக் கீழ போட்டாங்க. கோயில் வாசல்ல இறங்குறதுக்கும் அதே மணை, அதை டிக்கியில இருந்து நான் ஓடிவந்து எடுத்துப் போடணும். மூணாவது வாரம், "ஆட்டோவுலயே போயிக்கறேன், நீ ஆபீசுக்குப் போ"ன்னுட்டாங்க.

அப்புறம்தான் டேப் எடுத்தேன். அந்த வண்டியில பின்சீட்டு விளிம்பு தரையில இருந்து 69 செ.மீ. பழைய ஹேட்ச்பேக்ல 52. சாப்பாட்டு மேசை நாற்காலி 45. மனுஷனுக்கு வசதியான உயரம் இடுப்புக்குச் சரியா, அப்படியே பின்னாடி சாஞ்சு உக்கார்ற மாதிரி இருக்கணும். ஹேட்ச்பேக்ல கீழ விழணும், பெரிய எஸ்யூவியில மேல ஏறணும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வண்டிதான் முட்டி வலிக்காரங்களுக்கு. உங்க அம்மா உயரம் அஞ்சடி அஞ்சுன்னா உங்களுக்கு வேற வண்டி சரிப்படும், என் அம்மாவுக்கு வேற.

கதவு எவ்வளவு அகலமாத் திறக்குதுன்னும் பாருங்க. பஞ்ச்ல கதவு நேரா 90 டிகிரிக்குத் திறக்கும். உடம்பைத் திருப்பி உக்கார்றவங்களுக்கு அது பெரிய உதவி. பல வண்டியில பின்கதவு பாதியிலயே நிக்கும், சக்கர வளைவு வேற குறுக்க வரும்.

அம்மாவை ஷோரூமுக்குக் கூட்டிட்டுப் போங்க, புடவையோட. ஷோரூம் வண்டி சில சமயம் மேடை மேல நிக்கும், அதுல ஏறிப் பார்க்கறது கணக்கில்ல, வெளிய நிக்கிற டெஸ்ட் டிரைவ் வண்டியில ஏறச் சொல்லுங்க. ரெண்டு தடவை ஏறி இறங்கட்டும். முதல் தடவை யாரும் கஷ்டத்தைக் காட்டிக்க மாட்டாங்க.

செப்டம்பர் 5

முடிவு வந்துடுச்சு. 3ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில்ல தீர்மானிச்சிருக்காங்க, 22ல இருந்து அமல். நாலு மீட்டருக்குள்ள, 1200 சிசி பெட்ரோலுக்கு இதுவரை 28 சதவீதமும் செஸ்ங்கிற கூடுதல் வரி 1 சதவீதமும். இனிமே மொத்தமே 18.

நம்ம ஊருக்கு இதுல இன்னொரு லாபம் இருக்கு, அதை ஷோரூம்ல தெளிவாச் சொல்ல மாட்டாங்க. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல இருந்து சாலை வரி அஞ்சு லட்சத்துல இருந்து பத்து லட்சம் வரைக்கும் 13 சதவீதம், பத்தைத் தாண்டினா 18 சதவீதம். தாண்டின பாகத்துக்கு மட்டும் இல்ல, முழு விலைக்கும்.

கணக்குக்கு ஒரு வண்டி. எக்ஸ் ஷோரூம் (சாலை வரியும் இன்சூரன்சும் சேர்க்காத விலை) 10 லட்சத்து 80 ஆயிரம்னு வெச்சுக்கோங்க. அதுல 29 சதவீத வரியை உருவிட்டு 18 போட்டா 9 லட்சத்து 88 ஆயிரம். பழைய சாலை வரி 1 லட்சத்து 94 ஆயிரம், புதுசு 1 லட்சத்து 28 ஆயிரம். ரெண்டும் சேர்ந்து ஒரு லட்சத்து 58 ஆயிரம் மிச்சம். இன்சூரன்ஸ் குறையறது தனி. உங்க 12 லட்சம் பட்ஜெட்டுக்குக் கதவு திறந்த மாதிரி.

அதனால நீங்க தேட வேண்டிய விலை ஒண்ணே ஒண்ணுதான்: எக்ஸ் ஷோரூம் பத்து லட்சத்துக்குள்ள. பத்தே கால் லட்சத்துக்கு ஒரு சன்ரூஃப் வேரியண்ட் காட்டுவாங்க. அந்த 25 ஆயிரத்துக்காக சாலை வரியில அரை லட்சத்துக்கு மேல கூடுதலாப் போகும்.

செப்டம்பர் 6

மேல சொன்னது 1200 சிசிக்கு மட்டும். பிரெஸ்ஸா பெட்ரோல் இன்ஜின் 1462 சிசி, நீளம் நாலு மீட்டருக்குள்ள இருந்தாலும் சின்ன கார் கணக்குல வராது. அதுக்கு 45ல இருந்து 40. நான் டார்க் கன்வெர்ட்டருக்காக அந்த வண்டி பேரை முதல்ல எழுதினதால இதைச் சொல்லிடறேன், விலை குறையும், மத்ததுக்குக் குறையற அளவு குறையாது.

செப்டம்பர் 23

புது விலை வந்தாச்சு. புரட்டாசியில புக் பண்ண வேண்டாம்னு வீட்டுல சொல்றாங்கன்னு எழுதியிருக்கீங்க. அம்மா சொன்னா இருங்க. ஐப்பசியில எடுக்கறதால ஒரு நஷ்டமும் இல்ல, அதுக்குள்ள டெஸ்ட் டிரைவ் எல்லாத்தையும் நிதானமா முடிங்க.

அக்டோபர் 5

பாதுகாப்பு பத்தி நான் இதுவரை ஒரு வரி கூட எழுதலைன்னு மனைவி படிச்சுட்டுத் திட்டினாள். நியாயம். சிட்டியில 30, 40 வேகத்துலதானே போறோம்ங்கிற நினைப்பு என்னையும் பிடிச்சிருந்தது. ஆனா 200 அடி ரேடியல் ரோடு காலியா இருக்கும் ராத்திரி 80ல தான் போறோம், சதுப்புநிலப் பக்கம் தெருநாய் குறுக்க வரும்.

2018 டிசம்பர்ல நெக்ஸான் குளோபல் என்கேப்ங்கிற மோதல் சோதனையில அஞ்சு நட்சத்திரம் வாங்கினப்ப, இந்தியாவுல செஞ்ச வண்டிக்கு அதுதான் முதல் தடவை. 2021ல பஞ்ச் வாங்கிச்சு. 2023 அக்டோபர்ல இருந்து நம்ம நாட்டுக்கே பாரத் என்கேப் வந்துடுச்சு. 3எக்ஸ்ஓ, கைலாக் ரெண்டும் அதுல அஞ்சு வாங்கினதுதான். நட்சத்திரம் எந்த வேரியண்டுக்குன்னு பாருங்க, ஏர்பேக் எண்ணிக்கை வேரியண்டுக்கு வேரியண்ட் மாறலாம்.

உங்க பையனுக்கு 6 வயசு. பூஸ்டர் சீட் வாங்குங்க, பின்சீட்டுல உக்கார வைங்க. அம்மாவும் பின்னாடி பெல்ட் போடணும். எங்க அம்மா "கழுத்தை அறுக்குது"ன்னு போட மாட்டாங்க. அதுக்குக் காரணம் பெல்ட் அவங்க தோளுக்கு மேல வர்றதுதான், இடுப்புக்குக் கீழ ஒரு தடிச்ச மெத்தை போட்டு உயர்த்தினதும் சரியாப் போச்சு.

அக்டோபர் 18

மழை ஆரம்பிச்சாச்சு, 16ஆம் தேதியே வடகிழக்குப் பருவமழைன்னு அறிவிச்சுட்டாங்க. நான் எழுதின முதல் பதிவை இன்னைக்கு மறுபடி படிச்சேன். பாதி சரி, பாதி தப்பு.

இன்னைக்கு காலையில தண்ணி கணுக்கால் அளவு. பானெட்டைத் திறந்து என் இப்போதைய பெட்ரோல் வண்டியில காத்து உறிஞ்சுற வாய் எங்க இருக்குன்னு தேடினேன். கிரில்லுக்குப் பின்னாடி, ரேடியேட்டர் மேல் விளிம்பை ஒட்டி, ரெண்டு விரல் நுழையற கறுப்பு பிளாஸ்டிக் வாய். தரையில இருந்து 78 செ.மீ. தண்ணியில ஓட்டும்போது அந்த வாய்க்குத் தண்ணி போகாம இருக்கணும், முன்னாடி பஸ் போனா எழும்புற அலையையும் சேர்த்துப் பார்க்கணும். இந்த அளவை எந்த புரோஷரும் போடறதில்ல. அஞ்சு நிமிஷ வேலை, ஷோரூம்ல பானெட்டைத் திறக்கச் சொல்லி நீங்களே அளக்கலாம்.

தப்பு எதுலன்னா, கிளியரன்ஸே வேண்டாங்கிற மாதிரி எழுதிட்டேன். போன வாரம் நாலு பேரும் ரெண்டு பெட்டியுமா கீழ்க்கட்டளைப் பக்கம் போனோம். மெட்ரோ தடுப்புக்குப் பக்கத்துல வெள்ளைக்கோடே இல்லாத ஒரு ஸ்பீடு பிரேக்கர். என் வண்டி உரசாமத் தாண்டிச்சு, பின்னாடி வந்த செடான் வயிறு தேய்ச்சுக்கிட்டு வந்த சத்தம் எங்களுக்கே கேட்டது. புரோஷர்ல போடறது பெரும்பாலும் ஆள் ஏறாத வண்டியோட அளவு, ஆள் ஏறினா இறங்கும். அதனால 185, 190 இருந்தாலே நம்ம ரோட்டுக்குப் போதும். 208தான் வேணும்னு அதுக்காக அகலத்தையும் சீட்டு உயரத்தையும் விட்டுக்கொடுக்காதீங்க. வெள்ளத்துக்கு மேம்பாலம்தான், எந்த வண்டியா இருந்தாலும்.

நவம்பர் 2

மின்சார வண்டி பத்தி யோசிக்கலையான்னு கேட்டிருக்கீங்க. தினம் 28 கி.மீ. ஓடற வண்டிக்கு அதைவிடப் பொருத்தம் எதுவும் இல்ல, இதை நான் மனசாரச் சொல்றேன். 2025 பஞ்ச் இவியில சின்ன பேட்டரி 25 யூனிட்தான், அதுவே உங்களுக்கு நாலஞ்சு நாள் வரும். கிளட்ச் இல்ல, கரி ரவுண்டு இல்ல, தமிழ்நாட்டுல 2025 டிசம்பர் 31 வரைக்கும் சாலை வரியும் இல்லன்னு அறிவிச்சிருக்காங்க.

எனக்கு ஏன் முடியலன்னா எங்க அசோசியேஷன். என் பார்க்கிங் இடத்துக்கு என் மீட்டர்ல இருந்து வயர் இழுக்க மூணு கூட்டம் போட்டாங்க. ஒருத்தர் தீப்பிடிக்கும்னார், ஒருத்தர் வெள்ளம் வந்தா ஷாக் அடிக்கும்னார். கீழ் பார்க்கிங்ல இடுப்பளவு தண்ணி பார்த்த கட்டடம் அது, அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா பிளக்கை ஆறடி உயரத்துல வைக்கலாம், டிரிப் ஆகற சுவிட்ச் போடலாம். பேச ஆள் இல்ல. உங்களுக்கு தனி வீடுன்னா இந்தத் தலைவலி எதுவும் இல்ல, கண்டிப்பா ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. விலை பட்ஜெட்டைத் தாண்டுதான்னு பார்த்துக்கோங்க.

நவம்பர் 16

நீங்க பஞ்ச் பெட்ரோல் ஏஎம்டி புக் பண்ணிட்டதா எழுதினதைப் படிச்சேன். ரொம்ப சந்தோஷம்.

ஏஎம்டி வேண்டாம்னு நான் ஆகஸ்ட்ல அடிச்சுச் சொன்னேன். அம்மா அஞ்சு வண்டியில ஏறிப் பார்த்து, இதுல மட்டும்தான் எதையும் பிடிக்காம திரும்பி உக்காந்தாங்கன்னு எழுதியிருக்கீங்களே, அதுக்கு முன்னாடி என் கியர் கட்சி எல்லாம் நிக்காது. கேட்ல ரெண்டு பக்கமும் ஒரு சாண் மிச்சம்னும் சொல்லியிருக்கீங்க, 1742ங்கிறதால வந்தது அது. தலையாட்டலுக்கு ஒரு வழி இருக்கு: கியர் மாறப்போற நேரம் காலை லேசாத் தளர்த்துங்க, ரெண்டு வாரத்துல கால் தானாப் பழகிடும். ஏத்தத்துல ஆக்சிலரேட்டரை மிதிச்சே வண்டியை நிறுத்தி வைக்காதீங்க, ஹேண்ட் பிரேக் போடுங்க. கிளட்ச் அதுலதான் தேயும்.

டெலிவரி எடுக்கிற அன்னைக்கு பாலிசியில இன்ஜின் புரொடெக்ஷன் இருக்கான்னு நீங்களே படிங்க. சைடு ஸ்டெப் போடலாமான்னு கேட்டிருந்தீங்க. வேண்டாம். அந்த உயரத்துக்கு அது படியா உதவாது, இறங்கும்போது புடவை மாட்டும், தெருவுல அகலமும் கூடும்.

மழை சேதி வந்தா ராத்திரி பத்து மணிக்குள்ள மேம்பாலத்துக்கு வந்துடுங்க, அப்புறம் இடம் கிடைக்காது. நான் விஜயநகர்ப் பக்கம் ஏறுற இடத்துலதான் நிறுத்துவேன்.